கொம்பனி 14 என்கிறது, மெஷின் 12 என்கிறது: குதிரைவலு எண்ணை வாசிக்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சின்னதாக ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். வரும் பெடியள் பலர் மோட்டார் சைக்கிளைக் காட்டுவதற்கு முன் போனைத்தான் நீட்டுவார்கள். "அண்ணை, கொம்பனிக்காரன் 14 எண்டு போட்டிருக்கிறான், இந்த வீடியோவில டைனோ 12 தான் காட்டுது. ஏமாத்திறாங்களோ?" டைனோ என்பது பின் வீலை உருளையில் ஓடவிட்டு வலுவை அளக்கும் மெஷின். அநேகமாக ஏமாற்று இல்லை. எங்கே அளந்தது, எந்த அலகில் அளந்தது, என்ன திருத்தம் போட்டது என்ற மூன்றையும் கேட்டால் முக்கால்வாசிச் சண்டை முடிந்துவிடும்.

முதலில் இடம். கொம்பனி சொல்வது கிராங்கில், அதாவது எஞ்சினின் வாசலிலேயே அளந்த வலு. வீடியோவில் வருவது பின் ரயர் உருளையைச் சுற்றும்போது அளந்தது. இரண்டுக்கும் நடுவில் கிளச், கியர்ப் பெட்டி, செயின், வீல் பேரிங், நசுங்கி நிமிரும் ரயர் எல்லாம் இருக்கின்றன. சம்பளம் கைக்கு வருமுன் பிடிக்கிற கழிவு மாதிரி ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். செயின் வைத்த மோட்டார் சைக்கிளில் மொத்தக் கழிவு பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை வரும்.

பல்சர் 150ஐ எடுங்கள். பிந்திய மொடல்களுக்கு 8500 ஆர்.பி.எம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 8500 சுற்றுச் சுற்றும்போது, 14 பி.எஸ். என்று போட்டிருப்பார்கள். பி.எஸ். என்பது மெற்றிக் குதிரைவலு, 735.5 வோற்று. ஆங்கிலேயக் குதிரைவலு, எச்.பி., 745.7 வோற்று. ஆகவே 14ஐ 0.986ஆல் பெருக்க 13.8 எச்.பி. அதில் 10 சதவீதம் போனால் 12.4, 15 சதவீதம் போனால் 11.7. வீடியோவில் 12 வந்தால் அந்த மோட்டார் சைக்கிள் நல்ல சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். 10க்குக் கீழே போனால்தான் நான் ஸ்பானரைத் தேடுவேன். கிலோவோற்றில் போட்டிருந்தால் 1.36ஆல் பெருக்குங்கள், பி.எஸ். வரும். அலகு விஷயம் இவ்வளவுதான். சின்ன மோட்டார் சைக்கிளில் அது பெரிய வித்தியாசம் தராது.

டைனோத் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் திருத்தத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. அன்றைய சூட்டையும் காற்றமுக்கத்தையும் கழித்து, எண்ணை ஒரு பொது நிலைக்கு மாற்றுவதுதான் திருத்தம்; அதற்கு எஸ்.ஏ.இ., எஸ்.ரி.டி. என்று இரண்டு முறைகளைக் காண்பீர்கள். எஸ்.ஏ.இ. என்றிருந்தால், காற்று 25 பாகை, உலர் காற்றின் அமுக்கம் 990 மில்லிபார் என்ற நிலைக்கு எண்ணை மாற்றியிருக்கிறார்கள். எஸ்.ரி.டி. என்றிருந்தால் 15.5 பாகைக் குளிர்க் காற்று, 1013 மில்லிபார். அதே ஓட்டத்துக்கு எஸ்.ரி.டி. எண் ஏறக்குறைய 4 சதவீதம் கூடக் காட்டும். சாமான் விற்கிறவர் எதைத் தெரிவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெஷினும் மெஷினும்கூட ஒத்துப்போகாது. ஒரு வகையில், பாரமான உருளை எவ்வளவு கெதியாக வேகம் எடுக்கிறது என்று பார்த்து வலுவைக் கணக்கிடுவார்கள். இன்னொரு வகை, உருளையை மின்காந்தத்தால் பிடித்துவைத்து அளக்கும். எந்தக் கியரில் ஓடியது, ரயரில் காற்று எவ்வளவு, மோட்டார் சைக்கிளைப் பட்டியால் எவ்வளவு இறுக்கிக் கட்டியது என்பதாலும் எண் மாறும். ஆகவே சென்னையில் ஓடிய டைனோவையும் கொழும்பில் ஓடிய டைனோவையும் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள்.

எங்கள் ஊர்க் காற்றும் இதில் சேரும். சித்திரை மத்தியானம் 35 பாகை என்றால், 25 பாகையோடு பார்க்கச் சூட்டுக்கு மட்டும் ஒன்றரை சதவீதம் அளவு குறையும். புழுக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கும். ஆனால் யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருப்பதால் உயரத்தால் நட்டமில்லை. அதே மோட்டார் சைக்கிளை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஐந்தில் ஒரு பங்கு வலு காணாமல் போகும். 92 ஒக்ரேன் பெற்றோலுக்குச் செய்த எஞ்சினில் 95 ஊற்றினால் வலு ஏறும் என்பது வெறும் நம்பிக்கை. (யுத்தத்தில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எம்டி 90 மோட்டார் சைக்கிளுக்கு எந்த விளம்பர எண் பொருந்தியிருக்கும்? ஆனால் ஓடியது.)

சில எண்கள் எஞ்சினைப் பற்றியே பேசுவதில்லை. ஜப்பானில் 400 சிசிக்கு 59 பி.எஸ்., பிறகு 53 பி.எஸ். என்று உள்நாட்டுச் சந்தைக்கு ஒரு உச்சம் வைத்திருந்தார்கள். வேறு வேறு கொம்பனிகள் செய்த எஞ்சின்கள் எல்லாம் அச்சடித்தது போல 53 காட்டியது அதனால்தான். ஹொண்டா சிபி 400 சுப்பர் ஃபோரும் அதில் ஒன்று.

இனி உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். நடு ஸ்ராண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, பின் வீலைக் கையால் சுண்டுங்கள். இலேசாகச் சில சுற்றுச் சுற்றி நின்றால் சரி. அரைச் சுற்றில் 'சர்' என்று பிடித்தால் பிறேக் கட்டை உரசுகிறது. இப்போது செயினைப் பாருங்கள். சுன்னாகப் பக்கத்து மோட்டார் சைக்கிள் என்றால் செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து கருஞ்சிவப்புக் களியாக இணைப்புகளுக்குள் இறுகியிருக்கும். ஒவ்வொரு இணைப்பாக விரலால் மடித்துப் பாருங்கள், நாலைந்து மடியாமல் விறைத்து நிற்கும். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுக்குப் போய்வருகிற மோட்டார் சைக்கிள் என்றால் உப்புக் காற்றில் துரு. மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுக் கழுவித் துடைத்து, கியர் ஒயிலை அளவாக விடுங்கள். எஞ்சின் ஓடும்போது செயினுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக வேண்டாம், விரல் போன ஆட்களைத் தெரியும்.

கிளச்சுக்கு இன்னொரு சோதனை. மேல் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டு வழுக்குகிறது. அந்த நிலையில் டைனோவில் ஏற்றுவது காசுக்குக் கேடு.

உச்ச எண்ணைவிட நான் பார்ப்பது முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் சுழற்றித் தள்ளும் பலத்தை. நியூட்டன் மீற்றரை ஆர்.பி.எம்மால் பெருக்கி 9549ஆல் பிரித்தால் கிலோவோற்று. அதே பல்சருக்கு 6500இல் 13.25 நியூட்டன் மீற்றர் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் 9 கிலோவோற்று, அதாவது 12.3 பி.எஸ். மீதி 1.7 பி.எஸ்ஸுக்காக இன்னும் 2000 சுற்று அலற வேண்டும். பின்னால் மனிசி, பெற்றோல் தாங்கியில் பிள்ளை, கைப்பிடியில் மரக்கறிப் பை என்று திருநெல்வேலிச் சந்தையால் வருகிறவர் 8500ஐத் தொடப்போவதே இல்லை. அவருக்கு 4000, 5000இல் எவ்வளவு இழுவை இருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டு மோட்டார் சைக்கிளை ஒப்பிடும்போது, உச்ச முறுக்குவிசை எந்த ஆர்.பி.எம்மில் வருகிறது என்று பாருங்கள். கீழே வருவதை எடுங்கள்.

டைனோ கிட்ட இல்லாவிட்டால் வீதியே போதும். விடியற்காலை, வெறும் நேர்வீதி, நாலாம் கியர். 40இலிருந்து 60க்கு எத்தனை செக்கன் என்று பின்னால் இருப்பவர் போனில் பிடிக்கட்டும். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், ஸ்பீடோமீற்றர் அநேகமாகக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். போகும் திசையில் ஒன்று, திரும்பும் திசையில் ஒன்று எடுத்துச் சராசரி காணுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் அளந்தால் அது காற்றின் வலு, எஞ்சினுடையது இல்லை.

யாராவது "இந்தச் சைலன்சரைப் போட்டால் 3 குதிரை கூடும்" என்றால், போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே மெஷினில், ஒரே நாளில், ஒரே திருத்தத்தில் எடுத்த இரண்டு தாள்களைக் கேளுங்கள். ஒரு தாள்தான் இருக்கிறதென்றால் காசைக் கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு செயினும் இரண்டு பல்சக்கரமும் மாற்றலாம்.