சாதனை மீன் கையில் இருந்தும் சாதனை கைநழுவுவது ஏன்? தூண்டில்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் ஒன்றைப் பிடித்தார். எடை 10.12 கிலோ. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2 அன்று பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் அதுவரை அந்த இனத்தின் உலக சாதனை. 77 வருடமாக அசையாமல் நின்ற எடை அது. குரிட்டாவின் மீன் அதைவிட ஏறத்தாழ 27 கிராம் கூடுதல். ஆனாலும் அவருடைய பெயர் பட்டியலில் ஏற ஆறு மாதம் ஆனது. 2010 ஜனவரி 8 அன்று முடிவு வந்தபோதும் பெர்ரியின் சாதனை நீக்கப்படவில்லை. இருவரும் சமம் என்றே அறிவித்தார்கள்.

கூடுதல் எடை இருந்தும் ஏன் சமம்? பலருக்குத் தெரியாத விதி ஒன்று இங்கே இருக்கிறது. விளையாட்டு மீன்பிடிப்பில் உலக சாதனைகளைப் பதிவு செய்வது 1939-இல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற சர்வதேச அமைப்பு. 25 பவுண்டுக்குக் குறைந்த மீனாக இருந்தால், பழைய சாதனையைக் குறைந்தது 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் தாண்ட வேண்டும். 25 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் அரை சதவீதம் தாண்ட வேண்டும். அதற்குள் இருந்தால் சமம்தான். பழைய எடையை நூலிழையில் தாண்டிவிட்டு 'முறியடித்துவிட்டேன்' என்று ஊரைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூண்டில் போடுகிறவர்கள் இரையையும் நரம்பு சுற்றும் ரீலையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மீன் கரையேறிய பிறகு வரும் அந்த ஓரிரு மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாதனைகள் பெரும்பாலும் அங்கேதான் தொலைகின்றன.

தராசில் தொடங்கும் தவறு

முதல் தவறு, படகிலேயே கைத்தராசில் எடை பார்த்துவிட்டு அதையே முடிவாக நினைத்துக்கொள்வது. ஆடும் படகில் எந்தத் தராசும் நம்பத்தக்க எடை காட்டாது. அதனால்தான் எடை தரையில் போடப்பட வேண்டும் என்கிறது விதி. தராசு கடந்த 12 மாதங்களுக்குள் முத்திரைச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். எடை போடும்போது சாட்சியும் இருக்க வேண்டும்.

2006 மார்ச் 20 அன்று கலிஃபோர்னியாவின் டிக்ஸன் ஏரியில் மேக் வீக்லி என்பவருக்கு மாட்டிய பாஸ் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. பெர்ரியின் மீனைவிட ஏறக்குறைய 3 பவுண்டு அதிகம். ஆனால் அது காட்டியது கைத்தராசில். நீளமோ சுற்றளவோ அளக்கவில்லை. அதைவிட முக்கியமாக, தூண்டில் முள் வாயில் மாட்டவில்லை, உடம்பில் வெளிப்புறத்தில் குத்தியிருந்தது. அப்படிச் சிக்கிய மீனை வைத்துக்கொள்ள கலிஃபோர்னியா சட்டம் இடம் தராது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள். சாதனைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்று வீக்லியே அறிவித்தார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். முள் எங்கே குத்தியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உடம்பில் குத்தியிருந்தால் எடையைப் பற்றிய பேச்சே தேவையில்லை.

தராசைக் கையில் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். உறுதியான மரக்கிளையிலோ கம்பியிலோ மாட்டுங்கள். மீனை வைக்கப்போகும் வலையையோ சாக்கையோ நனைத்து, முதலில் வெறுமனே எடை போடுங்கள். அந்த எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மீனோடு போட்டு, எண் நிலைகொண்டதும் இன்னொரு படம். மீனின் வால் தரையைத் தொடக்கூடாது, யாருடைய விரலும் படக்கூடாது. தராசின் உற்பத்தி எண்ணையும் படம் பிடியுங்கள். மூன்று நிமிட வேலைதான். ஆறு மாதம் கழித்து யாராவது கேள்வி கேட்டால் உங்களுக்காகப் பேசப்போவது இந்தப் படங்கள்தான்.

டேவிட் ஹேஸுக்கு நடந்தது

நாடா வைத்து அளப்பதை வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் டேவிட் ஹேஸின் கதையைக் கேட்க வேண்டும். 1955 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் டென்னஸி, கென்டக்கி மாநில எல்லையில் உள்ள டேல் ஹாலோ ஏரியில் அவர் பிடித்த ஸ்மால்மவுத் பாஸ் 11 பவுண்டு 15 அவுன்ஸ், நம் கணக்கில் 5.41 கிலோ. உலக சாதனையாகப் பதிவானது. நாற்பது வருடம் கழித்து, பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஒரு பிரமாணப் பத்திரம் வெளியே வந்தது. படகுத்துறையில் வேலை பார்த்த ஒருவர் அதே 1955-இல் கொடுத்த வாக்குமூலம் அது. மீனின் வயிற்றுக்குள் தானே 3 பவுண்டு உலோகத்தைத் திணித்ததாக அதில் சொல்லியிருந்தார். 1996-இல் ஹேஸின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். தன் மீது எந்தக் குற்றமும் இல்லாத மனிதர், முதுமையில் ஏமாற்றுக்காரர் என்ற பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று.

அவரைக் காப்பாற்றியவை இரண்டு எண்கள். நீளம் 27 அங்குலம், சுற்றளவு 21.67 அங்குலம். நீளத்தை நீளத்தால் பெருக்கி, அதைச் சுற்றளவால் பெருக்கி, 1200-ஆல் வகுத்தால் பாஸ் மீனின் எடை பவுண்டில் சுமாராகக் கிடைக்கும். இந்த மீனுக்கு அந்தக் கணக்கு 13 பவுண்டு என்கிறது. மதிப்பீடுதான், துல்லியமில்லை. ஆனால் உலோகக் கதை உண்மையென்றால் மீனின் நிஜ எடை 9 பவுண்டுக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு நீளமும் பருமனும் கொண்ட மீன் அவ்வளவு லேசாக இருக்க முடியாது. மறு விசாரணைக்குப் பிறகு 2005-இல் சாதனை ஹேஸுக்கே திரும்பக் கிடைத்தது.

நீதி வழங்கும் இடத்தில் இருப்பவர்கள் செய்த தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றைச் சாட்சியத்தை அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒருவரின் பெயரை அழித்தார்கள். சந்தேகம் எழுப்புவது நல்லதுதான், அதற்கும் ஆதாரம் வேண்டும்.

அளக்கும்போது நாடாவை மீனின் மேல் வளைவில் போர்த்தி அளந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். நாடாவைத் தரையில் நேராக விரித்து, அதன்மேல் மீனைக் கிடத்த வேண்டும். சுற்றளவை உடல் மிகப் பருத்த இடத்தில் எடுங்கள்.

அழகான படம் போதாது

கையை முன்னே நீட்டி, மீனைக் கேமராவுக்கு அருகில் காட்டி எடுக்கும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. மீன் பெரிதாகத் தெரியும். சந்தேகப்படுகிறவருக்கு அதுவே ஆயுதம். விஸ்கான்சினில் லூயி ஸ்ப்ரே 1949 அக்டோபரில் பிடித்த மஸ்கி மீன் 69 பவுண்டு 11 அவுன்ஸ், 63.5 அங்குலம் என்று பதிவானது. பாடம் செய்து வைத்திருந்த மீன் 1959-இல் தீயில் போய்விட்டது. மிஞ்சியது படங்கள் மட்டும். 2005-இல் ஒரு குழு அந்தப் படங்களை அளந்து, மீன் சொன்ன நீளம் இல்லவே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. விஸ்கான்சினில் உள்ள நன்னீர் மீன்பிடிப்பு அமைப்போ மறு ஆண்டே ஸ்ப்ரேயின் சாதனை செல்லும் என்றது. ஐ.ஜி.எஃப்.ஏ. பட்டியலில் இருப்பதோ அதே 1949-இல் கேல் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீன். ஒரே இனத்துக்கு இரண்டு அமைப்பு, இரண்டு சாதனை. மீனுக்கு மேலிருந்து நேராக, பக்கத்தில் நாடாவும், தூண்டில் கம்பான ராடும், ரீலும் தெரிய ஒரு படம் எடுத்திருந்தால் இத்தனை வருட வாதம் தேவைப்பட்டிருக்காது.

இனத்தை அடையாளம் காட்டவும் படம் வேண்டும். சில சமயம் அதுவும் போதாது. 2018 மே மாதம் டென்னஸியில் ஒரு குளத்தில் சிக்கிய பிளாக் கிராப்பி மீன் கலப்பினமா என்ற ஐயம் வந்தபோது, மரபணுச் சோதனை செய்த பிறகுதான் சாதனை என்று ஏற்றார்கள். நம் காவிரியின் திமில் கெண்டையை நூறு வருடத்துக்கும் மேலாகத் தூண்டில்காரர்கள் பிடித்தும் படமெடுத்தும் வந்தார்கள். அதன் அறிவியல் பெயர் 'டார் ரேமாதேவி' என்று ஆய்வாளர்கள் தீர்த்துச் சொன்னது 2018-இல்தான்.

வேறு கை, வேறு பல், வேறு சட்டம்

மீன் கடித்ததிலிருந்து கரை சேரும்வரை ராடையோ ரீலையோ தூண்டில் நரம்பையோ வேறு யாரும் தொடக்கூடாது. நரம்பின் முனையில் முள்ளோடு இணைந்திருக்கும் லீடர் என்ற துண்டை மட்டும் உதவியாளர் பிடிக்கலாம். 'கொஞ்சம் பிடிடா, கை வலிக்குது' என்று நண்பரிடம் ராடைக் கொடுத்த நொடியில் சாதனை முடிந்துவிடும். மீனை விட்டதும் நரம்பை அறுத்து எறிவதும் கூடாது. லீடர் முழுவதையும், அதோடு சுமார் 15 மீட்டர் நரம்பையும் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும்.

மீன் கரையேறும் முன் வேறு பிராணி கடித்துச் சதை கிழிந்திருந்தாலும் தகுதி போய்விடும். 2023 ஜூனில் வட கரோலினாவின் பிக் ராக் போட்டியில் 619.4 பவுண்டு நீல மார்லின் ஒன்று, சுறா கடித்த காயத்தால் நிராகரிக்கப்பட்டது. சுமார் 35 லட்சம் டாலர் பரிசு போனது. காயம்பட்ட மீன் முழு பலத்தோடு இழுக்காது என்பதுதான் விதியின் அடிப்படை. பிடித்தவர்களுக்கு எவ்வளவு வலித்திருந்தாலும் விதி நியாயமானதே. அதே போட்டியில் 2010-இல் 883 பவுண்டு மார்லின் பிடித்த குழு பரிசை இழந்தது, படகு ஊழியர் ஒருவரிடம் மீன்பிடி உரிமம் இல்லாததால்.

குரிட்டாவின் ஆறு மாதக் காத்திருப்பிலும் இடம்தான் பிரச்சினை. பாலத்துக்கு அருகே படகை நிறுத்தக்கூடாத பகுதியில் அவர் நின்று மீன் பிடித்தாரா என்ற கேள்வி எழுந்தது. ஜப்பானிலிருந்த துணை அமைப்பு மூலம் உள்ளூர் விதியை விசாரித்தார்கள். அவரைப் பொய் கண்டறியும் சோதனைக்கும் உட்படுத்தினார்கள், தேறினார். பொய் கண்டறியும் கருவி அளவுகளுக்கு மாற்று ஆகாது. ஆனால் அவரிடம் சான்று பெற்ற தராசின் எடையும், 69.1 செ.மீ. நீளமும், 68 செ.மீ. சுற்றளவும் ஏற்கெனவே இருந்தன. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த 10.12 கிலோ வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

காலக்கெடுவும் உண்டு. அமெரிக்காவுக்குள் பிடித்த மீனுக்கு 60 நாள், வெளியே பிடித்ததற்கு 90 நாள். அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

எடை சாதனைக்காக மீனைத் தரைக்குக் கொண்டுவர மனம் இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஐ.ஜி.எஃப்.ஏ. நீளத்துக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அங்கீகரித்த அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, படமெடுத்து, உயிரோடு தண்ணீரில் விட்டால்தான் அதில் கணக்கு. காவிரியின் அந்தக் கெண்டை போல அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களுக்கு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில், இந்த ஒரு பிரிவை மட்டுமே ஒருவர் நினைத்துப் பார்க்கலாம்.