நீளக் கைக்காரனோடு மோதும்போது விடும் பிழைகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் குத்துச்சண்டை பழக வரும் பெடியள் உயரமான எதிராளியைக் கண்டால் விடும் பிழைகள் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. கையை இறக்காதே, மூச்சை அடக்காதே என்பதெல்லாம் முதல் கிழமையிலேயே சொல்லித் தருவது. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அளவைக் கேட்டே பயப்படுவது

கை நீளம் என்று சொல்வது, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை எடுக்கும் அளவு. நெஞ்சகலமும் அதற்குள் அடக்கம். 6 அங்குல வித்தியாசம் என்றால் ஒரு கைக்கு 3 அங்குலம்தான். அவன் தோள் அகலமானவன் என்றால் அதைவிடக் குறைவு.

அரைத் தூரத்தில் நிற்பது

எத்தனை தரம் சொன்னாலும் திருந்தாத பிழை இது. ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேரே விடும் குத்து) வாங்கியதும் அரை அடி நேரே பின்னால் போய், அங்கேயே நின்று யோசிப்பார்கள். அவனுக்கு அதைவிட வாய்ப்பான இடம் இல்லை. அவன் ஜாப் முழுதாக நீண்டு விழுவதும், அதே கோட்டில் வலக்கைக் குத்து தொடர்வதும் அங்கேதான். உங்கள் கை எட்டாது. இந்தத் தூரத்தில் மூன்று ரவுண்ட் நின்றால் குத்து வாங்கியே களைத்துப்போவீர்கள்.

நிற்கத் தகுந்த இடம் இரண்டுதான். ஒன்று, அவன் கால் எடுத்து வைக்காமல் தொடமுடியாத தூரம். மற்றது, உங்கள் நெற்றி அவன் தோளில் முட்டும் நெருக்கம். அங்கே அவனுக்குக் கையை நீட்ட இடமில்லை.

இரண்டுக்கும் நடுவே தங்காமல் கடக்கவேண்டும். இருவரும் இடக்கால் முன்வைத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். தோளை ஆட்டி, அவனை ஜாப் போட வையுங்கள். அது வரும்போதே தலையை உங்கள் வலப்பக்கம் விலக்கி, முன்காலையும் கூடவே உள்ளே வையுங்கள். தலை முதலில், கால் பிறகு என்று பிரித்துச் செய்தால் அடுத்த குத்து முகத்தில்தான். உள்ளே போனதும் வலக்கை விலாவுக்கு, இடக்கை ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) தாடைக்கு. வெளியே வரும்போது நேரே பின்வாங்காமல், அவன் இடத்தோளைச் சுற்றி வலப்பக்கமாக விலகுங்கள்.

இதைக் கல்லடிக் கடற்கரை மணலில் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். காலுக்குப் பலம் வரும், சரி. ஆனால் உந்துகிற பின்கால் புதைவதால் அடியெடுத்து வைப்பதற்குப் பதில் பாயப் பழகிவிடுகிறார்கள். இரண்டு காலும் தரையில் இல்லாத நேரத்தில் ஜாப் விழுந்தால் ஆள் மல்லாக்காய்த்தான். சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள்: அவன் ஜாப் முடியும் இடத்தில் ஒன்று, நெற்றி தோளில் முட்டும் இடத்தில் ஒன்று. இடையில் முன்கால் ஓய்ந்து நின்றால் பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள்.

1971 மார்ச் 8 அன்று நியூயோர்க்கில் முகமது அலியின் 78 அங்குலத்தை ஜோ பிரேசியர் 73 அங்குலத்தோடு வென்றதும் இப்படி உள்ளே புகுந்துதான். 15ஆவது சுற்றில் அலியை விழுத்தியது அந்த இடக்கை ஹூக்.

நீளமே முக்கியமில்லை என்பது

அப்படியும் சொல்லிவிடமுடியாது. 2002இல் மெம்பிஸில் லெனொக்ஸ் லூயிஸின் கை 84 அங்குலம், மைக் டைசனுடையது 71. டைசன் 8ஆவது சுற்றில் விழுந்தார்.

நீளக் கைக்காரர் விடும் பிழை

ஜாப் போட்ட கையை இடுப்பு மட்டத்தால் திருப்பி எடுப்பது. போன வழியாலேயே கன்னத்துக்கு வரவேண்டும்.