லித்தாட்டமி பொசிஷனும் ஸ்டெரைல் பழக்கமும்: தியேட்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

டெக்னீஷியன் படிப்பு முடித்தோ, வார்டிலிருந்து மாற்றலாகியோ ஓ.டி.க்குள், அதாவது ஆபரேஷன் தியேட்டருக்குள், முதல் முறையாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியைப் படுக்கவைக்கும் எல்லா பொசிஷனையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கேஸ்: கர்ப்பப்பை இறக்கத்துக்காக, வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். ஐம்பது அறுபது வயது அம்மா, முதுகில் ஸ்பைனல் ஊசி, அப்புறம் இரண்டு காலையும் தூக்கி, மடக்கி, விரித்து வைக்கும் லித்தாட்டமி பொசிஷன். அம்மா நம்மோடு பேசிக்கொண்டேதான் இருப்பார். ஆனால் இடுப்புக்குக் கீழே எங்கே அழுந்துகிறது, எங்கே சுடுகிறது என்று அவருக்கே தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

ஊசி போடும் முன்

பெயர், ஆபரேஷன், கையெழுத்து, அலர்ஜி என்று சரிபார்க்கும் பட்டியல் சுவரிலேயே ஒட்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்தது அது. அதோடு நான் இன்னொன்றையும் செய்வேன். "அம்மா, ரெண்டு காலையும் மடக்கி, முடிஞ்ச வரைக்கும் விரிச்சுக் காட்டுங்க" என்று கேட்பேன். மூட்டுத் தேய்மானம் உள்ளவர், இடுப்பு மூட்டு மாற்றியவர் எல்லாம் ஓரளவுக்கு மேல் விரிக்க மாட்டார்கள். அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மரத்த பிறகு எவ்வளவு இழுத்தாலும் வரும், வலிக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது.

மெட்டி, கொலுசு, வளையல் எல்லாம் வார்டிலேயே கழற்றியிருக்க வேண்டும். ஆனாலும் போர்வையை விலக்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள். வருடக்கணக்காகப் போட்டிருந்த மெட்டி கழலாமல் அப்படியே வந்துவிடுவது உண்டு. காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தக்கசிவை நிறுத்தும் கருவி) போடும் கேஸில் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு போட்டு அனுப்புவது நம் வார்டு சிஸ்டர்களின் வழக்கம், அது நல்ல வழக்கம்.

காலைத் தூக்குவது

ஸ்பைனல் ஏறி, மயக்க டாக்டர் "சரி, பொசிஷன் பண்ணலாம்" என்று சொல்லும் வரை காலைத் தொடாதீர்கள். ஊசிக்குப் பிறகு பிரஷர் இறங்கக்கூடும், அதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் காலைத் தாங்கும் கம்பிகளை டேபிளில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே உயரம், ஒரே கோணம். கைப்பலகையில் கைகளை வைத்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி, உடம்பிலிருந்து 90 டிகிரிக்குள் விரியுங்கள். அதற்கு மேல் போனால் தோளில் நரம்பு இழுபடும். முழங்கைக்கு அடியில் ஒரு பேட். கையை உடம்போடு ஒட்டி வைத்தால் விரல்கள், டேபிளில் கால் வைக்கும் பகுதி (கால்பகுதி) கீழே மடங்கும் இடத்துக்கு வந்துவிடும். முடிவில் அந்தப் பகுதியைத் திரும்ப ஏற்றும்போது விரல் நசுங்கும். லித்தாட்டமியில் எனக்கு எப்போதும் பயம் தருவது இதுதான்.

அப்புறம் கால். இரண்டு பேர் வேண்டும், பக்கத்துக்கு ஒருவர். ஒரு கை குதிகாலில், ஒரு கை முழங்காலுக்கு அடியில். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இரண்டு காலையும் சேர்த்து, மெதுவாகத் தூக்குங்கள். ஒரு காலை மட்டும் முதலில் தூக்கினால் இடுப்பும் கீழ்முதுகும் முறுக்கிக்கொள்ளும். தூக்கியபின் முழங்காலை மடக்கி, பிறகுதான் வெளியே விரிக்க வேண்டும்.

இப்போது உங்கள் காலிலேயே தொட்டுப் பாருங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், சின்னதாக ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒட்டித்தான் காமன் பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கம்பி அங்கே அழுத்திக்கொண்டே இருந்தால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும், ஃபுட் டிராப் என்பார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்து, நோயாளி காலை இழுத்து நடந்தால் யாருக்கு நிம்மதி? அதனால் கம்பிக்கும் காலுக்கும் நடுவில் தடிமனான பேட் வையுங்கள். வைத்தபின் உங்கள் விரலை உள்ளே நுழைத்துப் பாருங்கள், தாராளமாகப் போக வேண்டும்.

காட்டரி பிளேட்டை, அதாவது அந்தக் கருவியின் மின்சாரம் திரும்பிப் போகும் தகட்டை, தொடையில் சதை உள்ள, உலர்ந்த இடத்தில் ஒட்டுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டேபிளின் கால்பகுதியை இறக்க வேண்டும். இடுப்பு சரியாக விளிம்பில் இருக்கிறதா, பாதி தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள்.

இவ்வளவும் நடக்கும்போது ஸ்க்ரப் சிஸ்டர் (கை கழுவி, கவுன் போட்டு, சர்ஜனுக்குக் கருவி எடுத்துத் தருகிறவர்) விரித்து வைத்த ட்ராலி தள்ளியே இருக்கட்டும். போர்வையை உதறினாலே தூசி பறக்கும்.

கை கழுவி, கவுன் போட்டு

ஸ்டெரைல் என்றால் கிருமியே இல்லாதது. இந்த விஷயத்தில் விதிகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஸ்டெரைல் ஸ்டெரைலைத் தொடலாம், வேறு எதையும் தொடக் கூடாது.

நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. கழுவும்போது விரல்நுனி மேலே, முழங்கை கீழே. தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்ட வேண்டும், விரலுக்குத் திரும்பி வரக் கூடாது. துடைக்கும்போதும் விரலிலிருந்து முழங்கைக்கு, திரும்பி மேலே வராதீர்கள். கவுனை உள்பக்கமாகப் பிடித்துத் தானாக விரிய விடுங்கள். கையைக் கஃபுக்கு (கவுன் கையின் நுனிக்கு) வெளியே நீட்டாமலே கிளவுஸ் மாட்டப் பழகுங்கள், பத்து முறை செய்தால் வந்துவிடும்.

இந்த கிளவுஸ் கதை வேடிக்கையானது. 1889–90 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிருமிநாசினி பட்டு ஒரு நர்ஸின் கைத்தோல் வெந்துபோனது. ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் அவருக்காக ரப்பர் கிளவுஸ் செய்யச் சொன்னார். ஆக, முதலில் அது நோயாளியைக் காக்க வரவில்லை, நர்ஸின் கையைக் காக்கத்தான் வந்தது. பிறகு இருவருக்கும் கல்யாணமும் ஆனது.

கவுன் போட்டுவிட்டால் முன்பக்கம் மார்பிலிருந்து இடுப்பு வரை, கையில் விரலிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல் வரைதான் ஸ்டெரைல். முதுகும் அக்குளும் கிடையாது. குளிர்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு அக்குளில் செருகுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. ட்ராலியில் மேல்தளம் மட்டும்தான் ஸ்டெரைல். விளிம்புக்குக் கீழே தொங்கும் துணி தரைக்குச் சமம்.

துணியில் சுற்றிய ஸ்டெரைல் பேக்கைப் பிரித்துப் போடுகிறவர் நீங்கள் என்றால், எதிர்ப்பக்க மடிப்பை முதலில், உங்கள் பக்க மடிப்பைக் கடைசியில் பிரியுங்கள். பேக்கின் மேல் ஒட்டிய ஆட்டோகிளேவ் டேப்பில் (ஆட்டோகிளேவ் என்பது நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரம்) கோடு கறுத்திருந்தால் நீராவிக்குள் போய்வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே வைத்த இண்டிகேட்டரையும் பாருங்கள். பேக் ஈரமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டெரைல் இல்லை.

பெயின்ட் செய்யும்போது, அதாவது தோலில் கிருமிநாசினி தடவும்போது, பெட்டடைன் தொடை, மேல்பகுதி, பிறப்புறுப்பு என்று போய், ஆசனவாய் கடைசி. அங்கே தொட்ட காஸ் திரும்பி மேலே வரக் கூடாது, வாளிக்குத்தான். இடுப்புக்கு அடியில் வழிந்து தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், தேங்கினால் தோல் வெந்துபோகும். டிரேப் (மேலே போர்த்தும் ஸ்டெரைல் துணி) முதலில் இடுப்புக்கு அடியில், பிறகு கால்களுக்கு, பிறகு வயிற்றுக்கு. துணியின் ஓரத்தை மடித்து அதற்குள் உங்கள் கையை மறைத்துக்கொண்டு போடுங்கள். போட்ட துணியை நகர்த்தாதீர்கள்.

என் முதல் மாதத்தில், லெக்கிங் (காலுக்குப் போடும் ஸ்டெரைல் உறை) மாட்டும்போது என் கை கம்பியில் பட்ட மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம், "பட்டுச்சான்னு தெரியல சிஸ்டர்" என்றேன். "தெரியலன்னா பட்டுடுச்சுன்னு அர்த்தம். போய் மாத்திட்டு வா" என்றார். கிளவுஸ், கவுன் இரண்டையும் மாற்றினேன். சர்ஜன் முணுமுணுத்தார், இரண்டு நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

முடிக்கும்போது

மாப், காஸ், ஊசி எண்ணிக்கை சரியான பிறகு, காலை இறக்கப் போவதை மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். கால் இறங்கினால் ரத்தம் அங்கே ஓடும், பிரஷர் சட்டென்று விழலாம். கால்பகுதியை ஏற்றும் முன் விரல்கள் எங்கே என்று பாருங்கள். பிறகு இரண்டு முழங்காலையும் நடுவில் சேர்த்து, நேராக்கி, ஒன்றாக, நிதானமாக இறக்குங்கள். முழங்கால் வெளிப்பக்கம், குதிகால், காட்டரி பிளேட் இருந்த இடம் சிவந்திருக்கிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். மாலையில் மரப்பு விட்டதும் வார்டுக்கு ஒரு நடை போய், "அம்மா, பாதத்தை மேல தூக்குங்க பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.