சித்தி போட்ட காதுகுத்துப் படம்

மொட்டைத் தலையோடு என் மகள் அழும் படத்தை, என்னைக் கேட்காமலே சித்தி பேஸ்புக்கில் போட்டிருந்தார். அதை ஆபீஸில் ஒருவர் காட்டினார். அவர் சித்திக்கு யாரோ எவரோ!

முதலில் படத்தில் என் பெயரை இணைத்திருந்த டேக்கை எடுத்தேன். பெயர் போனது, படம் போகவில்லை. டேக் ஆன பதிவுகள் என் பக்கத்தில் வரும் முன் என்னைக் கேட்கும் அமைப்பைப் போட்டும் பயனில்லை; அது என் பக்கத்துக்கு மட்டும்தான். "ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தானேப்பா பாக்குறாங்க" என்றார் சித்தி. அமைப்பும் அப்படித்தான் இருந்தது.

சிக்கல் மற்ற டேக்குகளில். மாமா, மச்சான் என்று எல்லோரையும் டேக் செய்திருந்தார். டேக் ஆனவரின் நண்பர்களுக்கும் படம் தெரியும். ஆபீஸ்காரர் மச்சானின் நண்பர்.

சித்தியின் கணக்கைக் கணினியில் திறந்து, படத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பின் கஸ்டம் பகுதியில் டேக் ஆனவர்களின் நண்பர்கள் என்ற டிக்கை எடுத்தேன். அப்பாடா! அப்புறம் சித்தியே படத்தையும் நீக்கிவிட்டார்.