பைக்கில் லாங் ரைடு போகப் பை வாங்கும்போது எல்லோரும் செய்கிற தவறுகள்

கடைக்குள் நுழைந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை லிட்டர்?" நானும் அதைத்தான் கேட்டேன். 60 லிட்டர் சேடில் பேக், அதாவது பைக் சீட்டின் ரெண்டு பக்கமும் தொங்குகிற பை. திருவொற்றியூரிலிருந்து விசாகப்பட்டினம், நாலு நாள் பயணம். பெரிய பை கையில் இருந்தால் அதைக் காலியாக விட மனசு வராது, ரெண்டு ஜீன்ஸ் போதும் என்ற இடத்தில் நாலு, அப்புறம் ஒரு போர்வை, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை என்று எல்லாம் உள்ளே போனது.

நெல்லூர் தாண்டியதும் ஏதோ தீய்கிற வாடை. முன்னால் போகிற லாரியின் பிரேக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். டீக்கடையில் இறங்கிப் பார்த்தால், பையின் அடிப்பக்கம் சைலன்சரில் ஒட்டி உருகி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, அதற்குள் கருகிப்போன ஜீன்ஸ் மூலை. பை மேல் தப்பில்லை. கடையில் காலிப் பையைத் தொங்கவிட்டபோது சைலன்சருக்கு நாலு விரல் மேலே இருந்தது, பாரம் ஏறியதும் தொங்கிவிட்டது. வீட்டிலிருந்தே துணிமணியைக் கொண்டுபோய், பையை நிரப்பி, உங்கள் வண்டியில் கட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சேடில் ஸ்டே என்கிற இரும்புச் சட்டத்தையும் மாட்டிவிட்டால் பை சைலன்சர் மேலும் சாயாது, சக்கரத்துக்குள்ளும் போகாது.

'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். துணி தண்ணீர் விடாது, சரி, ஆனால் ஜிப்பும் தையல் ஓட்டைகளும் விடுமே. ஐப்பசி மழையில் அரை மணி நேரம் ஓட்டினால் தெரிந்துவிடும். வாயைச் சுருட்டிப் பூட்டுகிற, தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய பை தாங்கும், விலை கூடத்தான். இல்லையா, துணியைத் தடித்த பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வையுங்கள். மேலே மாட்டுகிற ரெயின் கவர் வேகத்தில் காற்று புகுந்து பறந்துவிடும்.

கனமான சாமானைப் பின் கேரியரில் வைப்பது அடுத்த தவறு. எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் அது சில கிலோதான். பின்னால், அதுவும் உயரத்தில் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். டூல்ஸ், செயின் ஸ்ப்ரே எல்லாம் சேடில் பேக்கின் அடியில், ரெண்டு பக்கமும் சமமாக. தலையணை மாதிரி லேசானதுதான் மேலே.

பெட்ரோல் டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டுகிற மேக்னெட் டேங்க் பேக் இரும்பு டேங்கில்தான் ஒட்டும். ஒட்டினாலும், நம்ம பக்கத்துத் தூசி அடியில் சிக்கினால் பெயின்ட் போச்சு.

பையைக் கட்ட, ரெண்டு நுனியிலும் கொக்கி வைத்த பஞ்சி கயிறு என்கிற ரப்பர் கயிறு எனக்குப் பிடிக்காது. கொக்கி கழன்றால் செயினுக்குள் போகும், இழுத்து மாட்டும்போது கைநழுவினால் கண்ணுக்கு வரும். பக்கிள் வைத்த பட்டைதான் நல்லது, மீந்து தொங்குகிற நுனியை மட்டும் மடித்துச் செருகிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு முழு லோடோடு காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரு ரவுண்டு போய் வாருங்கள். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு, எந்தக் கட்டு தளரும் என்பதை அதுவே காட்டிவிடும். போன தடவை அப்படிப் போனபோது பட்டையெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. சிக்னலில் பின்னால் வந்து நின்ற ஒரு தம்பிதான் சொன்னான், "அண்ணே, உங்க பிரேக் லைட்டையே பை மறைக்குது."