காரீயம் உருக்கச் சட்டி: எங்கே தவறுகிறோம்?

தூண்டிலுக்கும் வலைக்கும் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் அச்சைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். உருக்கும் சட்டி மட்டும் அடுக்களையில் கழித்துப் போட்ட ஏதோ ஒன்றாக இருக்கும்.

அப்படிக் கையில் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியக் குண்டான். காரீயம் 327 டிகிரியில் உருகும், அலுமினியம் 660-இல்தானே என்று கணக்குச் சொல்வார்கள். கணக்கு சரி, ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே, 300 டிகிரி தாண்டினாலே, அலுமினியம் வலுவிழந்து குழைந்துவிடும். அடுப்பில் ஒழுங்காக நிற்கும் குண்டான், இடுக்கியால் தூக்கும்போது விளிம்பு மடங்கிக் காலில் கொட்டும். அதுவும் லேசான சரக்கில்லை: ஒரு லிட்டர் காரீயம் 11.3 கிலோ! பால் காய்ச்சும் பாத்திரத்தின் கைப்பிடியும் ஆணியும் இந்தப் பாரத்துக்குச் செய்தவை அல்ல.

துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. பூச்சு காரீயத்தில் கலந்து வார்ப்பைக் கெடுக்கும்; அதிகம் சூடேறினால் கிளம்பும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். நான்ஸ்டிக் பூச்சும் இந்தச் சூட்டில் நச்சுப்புகை விடும். பற்றுவைத்த மூட்டுள்ள தகர டப்பாவில் காரீயம் உருகுவதற்குள் பற்றே இளகிவிடும்.

சரியானது வார்ப்பிரும்புச் சட்டி, அல்லது 3 மி.மீ. கனமாவது உள்ள இரும்புப் பாத்திரம். இரும்போடு காரீயம் கலக்காது. அடி தட்டையாக இருக்கட்டும். வாணலி பர்னர் மேல் ஆடும், அகன்ற வாயில் ஆடையும் அதிகம் படியும். பத்து கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் சட்டி தாராளம். பழைய வார்ப்பிரும்பு வாங்கினால் கரண்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுங்கள், ‘டொக்’கென்றால் விரிசல்.

நல்ல சட்டியிலும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று ஈரம். சொட்டுத் தண்ணீர் உருகிய காரீயத்துக்கு அடியில் சிக்கினால் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, மொத்தத்தையும் முகத்தில் வீசும். வெறும் சட்டியைச் சுட்டு ஈரம் போக்கியபின் கட்டியைப் போடுங்கள். பிறகு சேர்க்கும் கட்டியும் கரண்டியும் சூடாகியே உள்ளே போகவேண்டும். மற்றொன்று, முந்தைய முறை மிஞ்சி உறைந்த காரீயம். அடி முதலில் உருகி, மேல்மூடி கெட்டியாகவே இருந்தால், அழுத்தம் ஏறிப் பீய்ச்சும். ஆகவே மிச்சத்தைச் சட்டியில் உறையவிடாமல், சூடாக இருக்கும்போதே காய்ந்த அச்சில் ஊற்றிவிடுங்கள்.

கார் பேட்டரித் தகடுகளை எந்தச் சட்டியிலும் உருக்காதீர்கள். அதில் அமிலமும் ஆன்டிமனி என்ற நச்சு உலோகமும் இருக்கலாம். வேலை வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வேண்டாம். மேலே திரளும் சாம்பல் நிறக் கசடுதான் புகையைவிடப் பெரிய வில்லங்கம். தூளாகிக் கையில் ஒட்டும், சோற்றோடு வாய்க்குப் போகும்.

ஒருமுறை காரீயம் கண்ட சட்டி மறுபடி சமையலுக்கு ஆகாது. தேய்த்துக் கழுவினால் பளபளப்பாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. யாரும் தெரியாமல் எடுத்துக் குழம்பு வைத்துவிடாதபடி, முதல் நாளே விளிம்புக்குக் கீழே பெரிதாக ஒரு துளை போட்டுவிடுங்கள்.