ஆங்கிலத்தின் ‘கெட்’ வினையைப் பிரித்துப் படிக்கும் முறை

மொரீசியஸில் பாடப் புத்தகம் ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோலில், செய்தித்தாள் பிரெஞ்சில் என்று வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் நாலாவது மொழி. தமிழில் எழுதும்போது அவர்கள் அதிகம் தடுமாறுவது ‘கெட்’ என்ற சின்னச் சொல்லிடம்தான். அகராதியைத் திறந்தால் ‘பெறு’ என்று இருக்கும். அதையே எல்லா இடத்திலும் போட்டால் ‘நான் காய்ச்சலைப் பெற்றேன்’ என்று, எந்தத் தமிழரும் பேசாத தமிழ் வந்து நிற்கும்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு நோட்டு, பென்சில், மாணவர்க்கான ஓர் ஆங்கில அகராதி போதும். நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் முடியும்.

படி 1: வாக்கியங்களைச் சேர்த்தல்

‘கெட்’, ‘காட்’, ‘கெட்டிங்’ வரும் முப்பது வாக்கியங்களைச் சேர்க்க வேண்டும். பள்ளிப் புத்தகம், கைப்பேசிச் செய்தி, கால்பந்து வர்ணனை, எதிலிருந்தும் எடுக்கலாம். முழு வாக்கியமாக எழுத வேண்டும். சொல்லை மட்டும் கிள்ளி எடுத்தால் பின்னால் எதுவும் தெரியாது. பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்து ஆங்கிலம், கிரியோல், தமிழ் என்று தலைப்பிடவும். முதல் நாள் ஆங்கிலப் பத்தியை மட்டும் நிரப்பினால் போதும்.

அகராதியை இப்போதே திறக்க வேண்டாம். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பொருள்களைக் காலவரிசையில் அடுக்குகிறது. பழையது முதலில் வரும், வழக்கொழிந்த பொருளாக இருந்தாலும் சரி. மாணவர் அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முன்னே வைக்கின்றன. இது தெரியாமல் இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 2: அடுத்து வரும் சொல்லுக்கு அடிக்கோடு

முக்கியமான வேலை இங்கேதான். ‘கெட்’ தனியாக நின்று அதிகம் சொல்வதில்லை. அதன் பின்னால் என்ன வருகிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. முப்பது வாக்கியத்திலும் அடுத்த சொல்லுக்கு அடிக்கோடு போட்டுப் பாருங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் ஒன்று கைக்கு வந்த கதை. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் எனக்குக் கடிதம் வந்தது. ‘காட் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்தது. கடையில் ரொட்டி ‘காட்’ என்றால் வாங்கினேன். நாம் முயன்று எடுத்ததா, தானாக வந்ததா என்பதை ஆங்கிலம் இங்கே மறைத்துவிடுகிறது. தமிழ் அதைக் கேட்காமல் விடாது.

பண்பைச் சொல்லும் சொல் வந்தால் நிலை மாறுகிறது என்று பொருள். அகராதி ‘ஆகு’ என்று கைகாட்டும். ஆனால் தமிழில் இதற்குத் தனித்தனி வினைகளே தயாராக உள்ளன: ‘கெட் டார்க்’ இருட்டுகிறது, ‘கெட் வெட்’ நனைகிறது, ‘கெட் டயர்ட்’ களைக்கிறது, ‘கெட் ஆங்ரி’ கோபம் வருகிறது. மொரீசியஸின் மேட்டு நில ஊரான கியூர்பிப்பில் மாலையில் ‘இட் கெட்ஸ் கோல்ட்’ என்றால் ‘குளிராக ஆகிறது’ என்று இழுக்காமல், ‘குளிர ஆரம்பிக்கிறது’ என்றே எழுதலாம். முதலில் வினை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் மட்டும் ‘ஆகு’.

செயல் முடிந்ததைச் சொல்லும் வடிவம் வந்தால் ஒருவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. ‘காட் ஸ்டோலன்’ திருட்டுப் போனது, ‘காட் ப்ரோக்கன்’ உடைந்துபோனது, ‘காட் காட்’ (got caught) மாட்டிக்கொண்டான். எல்லாவற்றுக்கும் ‘பட்டது’ சேர்க்கும் பழக்கம் இங்கே கெடுதல் செய்கிறது. ‘உடைக்கப்பட்டது’ என்றால் யாரோ வேண்டுமென்றே உடைத்ததாகத் தொனிக்கும்.

இடையில் ஒரு பொருள் நுழைந்தால் வேலையைச் செய்தவர் வேறு ஆள். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்றால் முடி வெட்டிக்கொண்டேன். ‘காட் த கார் ரிப்பேர்ட்’ என்றால் காரைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினேன். ‘ஐ காட் ஹிம் டு கம்’ என்றால் அவனை வரவைத்தேன்.

ஒட்டுச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது. மெட்ரோவில் ‘கெட் ஆன்’ ஏறு, ‘கெட் ஆஃப்’ இறங்கு; காலையில் ‘கெட் அப்’ எழுந்திரு; ‘கெட் பேக்’ திரும்பி வா.

படி 3: ‘நானா, எனக்கா?’

தமிழ்ப் பத்தியை நிரப்புமுன் ஒவ்வொரு வாக்கியத்திலும் இதைக் கேளுங்கள்: இதை நான் செய்தேனா, எனக்கு நடந்ததா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஐ’ தான். தமிழில் செய்தது ‘நான்’, நடந்தது ‘எனக்கு’. காய்ச்சல், கோபம், வேலை, பரிசு, கல்யாணம் எல்லாம் ‘எனக்கு’ப் பக்கம். ‘நான்’ என்று தொடங்கிவிட்டால் பிறகு ‘பெற்றேன்’ தவிர வேறு வழி இருக்காது. தவறு வினையில் தெரிந்தாலும் அதன் வேர் வாக்கியத்தின் முதல் சொல்லில் இருக்கிறது.

படி 4: கிரியோல் பத்தி

இங்கே மொரீசியஸ் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கிரியோலின் ‘காஞ்’ ஏறக்குறைய ‘கெட்’ போலவே பல வேலை பார்க்கிறது: ‘காஞ் லாஃபியேவ்’ என்றால் காய்ச்சல் வருவது, ‘காஞ் பேர்’ என்றால் பயப்படுவது, ‘காஞ் சோ’ என்றால் வெக்கையாக இருப்பது. பல இடத்தில் அது கைகொடுக்கும்.

கடைசி இரண்டில் கவனம் தேவை. ‘காஞ்’ உணர்வையும் சொல்லும். ‘கெட்’ மாற்றத்தைச் சொல்லும். வெக்கையை உணரும்போது ‘ஐ ஆம் கெட்டிங் ஹாட்’ என்றால் உடம்பு சூடேறிக்கொண்டே போகிறது என்றுதான் ஆங்கிலத்தில் பொருள். ‘ஐ ஃபீல் ஹாட்’ என்பதே சரி. அதேபோல ‘ஐ காட் ஃபியர்’ தவறு. ‘ஐ காட் ஸ்கேர்ட்’ என்று எழுத வேண்டும்.

படி 5: பிறப்பைப் பார்ப்பது

பொருளைப் பிரித்த பிறகே பிறப்புக்குப் போக வேண்டும். முன்பே போனால் எல்லா வாக்கியத்திலும் பழைய பொருளைத் திணிக்கத் தோன்றும்.

‘கெட்’ இங்கிலாந்தின் பழைய மொழியிலிருந்து நேராக வந்த சொல் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் அது ‘கெட்டா’. பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல் முன்னொட்டோடுதான் புழங்கியது. இன்றைய ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ இரண்டும் அந்த வழி. பழைய ஆங்கில உச்சரிப்பே நிலைத்திருந்தால் இன்று ‘யெட்’ போல ஒலித்திருக்கும். வல்லின ‘க’ நார்ஸ் கொடுத்தது. கைப்பற்றுதல்தான் மூத்த பொருள். இடம் போய்ச் சேர்வதும், ‘ஆகு’ என்பதும் பிறகு கிளைத்தவை.

‘பிகெட்’ என்றால் பிள்ளை பெறுவது. தமிழின் ‘பெறு’வும் அடைவதையும் ஈன்றெடுப்பதையும் ஒன்றாகச் சொல்கிறது, பெற்றோர் என்கிறோமே. ஷாம் த மார்ஸ் குதிரைப் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஆங்கிலக் குதிரை வளர்ப்பில் ஓர் ஆண்குதிரையின் குட்டிகளுக்கு ‘கெட்’ என்றே பெயர்.

‘கெட்’டின் தொல்வேர், பிடிப்பதைக் குறிக்கும் லத்தீன் ‘ப்ரெஹெந்தெரெ’யிலும் இருக்கிறது. அதிலிருந்து பிரெஞ்சு ‘ப்ராந்த்ர்’, அதிலிருந்து கிரியோல் ‘ப்ரான்’ (எடு). ஆக ‘கெட்’டும் ‘ப்ரான்’னும் தூரத்து உறவு. தேர்வுத்தாளில் வரும் ‘காம்ப்ரிஹென்ஷன்’ அதே குடும்பம்: பிடிப்பதிலிருந்து புரிவது. ‘டூ யூ கெட் இட்?’ என்று ஆங்கிலம் கேட்பதை நாம் ‘விஷயம் பிடிபட்டதா?’ என்று கேட்கிறோம். ‘காஞ்’ வேறு வழி: பிரெஞ்சு ‘காஞ்யே’யிலிருந்து வந்தது, அதற்கு மூலம் மேய்ச்சலையும் இரை தேடலையும் குறித்த ஜெர்மானியச் சொல்.

ஒரு சொல் எப்படிப் பல பொருள் எடுக்கிறது என்று மாணவருக்குக் காட்ட, தமிழின் ‘வாங்கு’வையே பக்கத்தில் வையுங்கள். கடன் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், மூச்சு வாங்குகிறது, படை பின்வாங்குகிறது. பழந்தமிழில் அதற்கு வளைத்தல், இழுத்தல் என்றும் பொருள்; அந்த இழுப்புதான் ‘பின்வாங்கு’வில் இன்னும் இருக்கிறது.

படி 6: திருத்தம்

அமெரிக்கப் படங்கள் பார்க்கும் பிள்ளைகள் ‘காட்’ வர வேண்டிய இடத்தில் ‘காட்டன்’ (gotten) என்று எழுதுவார்கள். இங்கே நடக்கும் கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்குப் பிரிட்டிஷ் முறைப்படி ‘காட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. அமெரிக்கர்களிடமும் ‘ஹாவ் காட்’ என்றால் இருக்கிறது, ‘ஹாவ் காட்டன்’ என்றால் புதிதாகக் கிடைத்தது அல்லது ஆகிவிட்டது.

ஆங்கிலக் கட்டுரையில் ஒரே பத்தியில் ‘கெட்’ மூன்று முறை வந்தால், பொருளுக்கேற்ப ‘ரிசீவ்’, ‘பிகம்’, ‘அரைவ்’ என்று மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல் பொருந்துகிறதோ, அதுவே நீங்கள் படி 2-இல் பிரித்தது சரியா என்பதற்கும் சோதனை.

அடுத்து எடுக்க ஏற்ற வினை ‘டேக்’. அதுவும் நார்ஸ் மொழியிலிருந்து வந்து, ‘நிமன்’ என்ற பழைய ஆங்கில வினையை வெளியே தள்ளிய சொல். அதே நோட்டில், அதே மூன்று பத்தியில் தொடரலாம்.